டனிக்லிஃப்பின் மேசைக்கு வந்த பறவைகள்

வேல்ஸின் வடமேற்கில், குறுகிய நீரிணை ஒன்றால் நிலப்பகுதியிலிருந்து பிரிந்து நிற்கும் ஆங்கில்சி தீவின் தென்மேற்குக் கரையில் மால்ட்ரெய்த் என்ற சிற்றூர் இருக்கிறது. பறவை ஓவியர் சார்லஸ் டனிக்லிஃப் 1947 மார்ச் மாதத்தில் அங்கே குடியேறி, 1979 பிப்ரவரியில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஊராரும் நண்பர்களும் தங்கள் கண்ணில் பட்ட செத்த பறவைகளை அவர் வீட்டுக்கு எடுத்துவந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. சாலையில் அடிபட்டதோ, கம்பியில் மோதி விழுந்ததோ, புயலில் கரை ஒதுங்கியதோ, எதுவானாலும் அவர் வாங்கிக்கொண்டார். பறவையை மேசைமேல் கிடத்தி, கவராயத்தின் இரு முனைகளுக்கு இடையே அலகின் நீளத்தைப் பிடித்து, அதே நீளத்தைத் தாளில் புள்ளியிட்டு வேலையைத் தொடங்குவார்.

இவ்வாறு உருவானவற்றை அளவுச் சித்திரங்கள் என்கிறார்கள். ஒவ்வொன்றும் பறவையின் உண்மையான அளவிலேயே இருக்கும். உடலின் பக்கவாட்டுத் தோற்றம், முதுகு, வயிறு, விரித்த இறக்கையின் மேற்புறம், அதே இறக்கையின் அடிப்புறம், விசிறியாக விரித்த வால், தலை, காலின் செதில்கள், நகங்கள் என்று பெரிய தாளில் இடம் இருக்கும்வரை பகுதி பகுதியாக வரைந்து நீர்வண்ணம் இடுவார். இடையிடையே பென்சிலில் குறிப்புகள் இருக்கும்: பறவை கிடைத்த நாள், இடம், ஆணா பெண்ணா என்பது, அளவுகள், நிறங்கள். கண்ணின் நிறமும் காலின் நிறமும் உயிர் போனபின் விரைவாக மங்கிவிடும். உடல் அழுகத் தொடங்கிவிட்டால் இறகுகளின் படிவமும் கலைந்துவிடும். எனவே இது பொறுமையும் வேகமும் ஒருசேர வேண்டியிருந்த வேலை. வாழ்நாளில் இப்படி நூற்றுக்கணக்கான தாள்களை அவர் சேர்த்துவைத்தார். அவற்றை ஓவியங்களாகக்கூட அவர் கருதவில்லை. அவை தொழிற்கருவிகள், ஆகவே விற்பனைக்கு இல்லை என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

இயற்கையை உள்ளபடி வரையும் ஓவியரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கண்ணைத்தான் புகழ்கிறோம். கூர்மையான பார்வை, இறகு இறகாகத் தீட்டும் பொறுமை, புகைப்படம்போல் இருக்கிறது என்ற வியப்பு, இவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. டனிக்லிஃப்பின் தாள்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தப் புகழ்ச்சி போதாது என்று தோன்றுகிறது. அவருடைய பறவைகள் உயிரோடு இருப்பதற்குக் காரணம், பறவையைப் பார்ப்பதையும் பறவையை அறிவதையும் அவர் இரண்டு தனித்தனி வேலைகளாகப் பிரித்து, இரண்டையும் வெவ்வேறு தாள்களில் வாழ்நாள் முழுவதும் செய்துவந்ததுதான் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது அதைத்தான்; அதற்கு அவருடைய வாழ்க்கையின் தொடக்கத்திலிருந்து வரவேண்டும்.

1901 டிசம்பர் 1 அன்று இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் லாங்லி என்ற ஊரில் அவர் பிறந்தார். வளர்ந்தது மாக்கிள்ஸ்ஃபீல்டு நகரத்துக்கு அருகே, சட்டன் லேன் எண்ட்ஸ் என்ற கிராமத்தில் அவருடைய குடும்பம் நடத்திய பண்ணையில். மாடு கறப்பதும் பன்றிக்குத் தீனி வைப்பதும் வைக்கோல் ஏற்றுவதும் அங்கே அன்றாட வேலைகள். தார் பூசிய கொட்டகைச் சுவர்களில் சாக்குக்கட்டியால் விலங்குகளை வரைந்த சிறுவனைப் பற்றிய செய்தி அவருடைய வரலாற்றில் வருகிறது. எல்லா ஓவியர்களின் வரலாற்றிலும் இப்படி ஒரு சுவர் இருக்கும் என்பதால் அதற்குப் பெரிய முக்கியத்துவம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பண்ணையிலிருந்து அவருக்குக் கிடைத்தவற்றுள் முக்கியமானது வேறு. விலங்கின் உடலைத் தொட்டு, தூக்கி, பிடித்து, அறுத்துப் பழகியவருக்கு அதன் எடை எங்கே தங்குகிறது என்பது தெரியும். 1920-களில் அவர் செப்புத் தகட்டில் கீறி எடுத்த எட்சிங் அச்சுகளில் பன்றியைக் கொல்லும் காட்சிகூட வருகிறது. அதில் இரக்கத்தைத் தூண்டும் முயற்சியும் இல்லை, அருவருப்பும் இல்லை. பண்ணையில் பிறந்தவர் தன் வீட்டு வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார்.

மாக்கிள்ஸ்ஃபீல்டிலும் மான்செஸ்டரிலும் இருந்த கலைப் பள்ளிகளில் படித்தபின், உதவித்தொகை பெற்று 1921-இல் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் சேர்ந்தார். அங்கே அவர் தேர்ச்சி பெற்றது எட்சிங்கில். செப்புத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு இட்டு, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுக்கும் முறை அது. அக்காலத்தில் எட்சிங் அச்சுகளுக்குப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நல்ல சந்தை இருந்தது. சேகரிப்போர் போட்டிபோட்டு வாங்கினார்கள். தான் வளர்ந்த பண்ணையின் மாடுகளையும் குதிரைகளையும் உழைப்பாளிகளையும் லண்டனில் இருந்துகொண்டே தகட்டில் கீறி விற்று அவரால் வாழ முடிந்தது. 1929-இல், தன்னோடு ஓவியம் பயின்ற வினிஃப்ரெட் வோனகாட்டை மணந்தார். அதே ஆண்டில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அச்சுகளை வாங்கியவர்களின் கையில் பணம் இல்லாமல் போகவே, எட்சிங் சந்தையும் அதோடு படுத்துவிட்டது.

அதன்பின் அவர் வயிற்றுப்பாட்டுக்காகக் கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். கால்நடைத் தீவனமும் உரமும் விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களுக்குக் காளைகளும் பன்றிகளும் வரைந்தார். இந்தக் காலத்தில்தான், ஹென்றி வில்லியம்சன் எழுதிய, டார்க்கா என்ற நீர்நாயின் கதைக்குப் படம் வரைந்து பார்க்கலாமே என்ற யோசனை வினிஃப்ரெட்டிடமிருந்து வந்தது. அந்த நாவல் 1927-இல் படங்கள் இல்லாமல் வெளிவந்து பெயர் பெற்றிருந்தது. டனிக்லிஃப்பின் மரச்செதுக்குகளோடு (மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்த படங்கள்) 1932-இல் வெளிவந்த பதிப்பு அவரை ஒரே வீச்சில் புத்தக ஓவியராக நிலைநிறுத்தியது. கதை நடக்கும் டெவன் மாவட்டத்துக்கே போய் ஆறுகளையும் கரைகளையும் பார்த்து வரைந்தவை அவை. கறுப்பு வெள்ளையில், நீருக்குள் திரும்பும் நீர்நாயின் உடலை ஒரே வளைவில் அவர் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், அதற்குமுன் அவர் தகட்டில் கீறிய ஆண்டுகள் வீண்போகவில்லை என்பது புரியும். வில்லியம்சனின் மற்ற நூல்கள் சிலவற்றுக்கும் தொடர்ந்து வரைந்தார். கரிய மேற்பூச்சைச் சுரண்டி வெள்ளைக் கோடு எடுக்கும் அட்டையில், மரச்செதுக்கின் சாயல் குறையாமல் வேகமாக வரையவும் கற்றுக்கொண்டார். வாழ்நாளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நூல்களில் அவருடைய படங்கள் இடம்பெற்றன என்றால், அந்த வேகம் இல்லாமல் அது நடந்திருக்காது.

பறவைகள் அவருடைய வாழ்க்கையின் மையத்துக்கு வந்தது முப்பதுகளில். செஷயரின் ஏரிகளிலும் குளங்களிலும் வாத்துகளையும் நாரைகளையும் பார்க்கத் தொடங்கியவர், வெறும் தோற்றத்தை நம்பி வரைந்தால் விவரம் அறிந்தவர்முன் நிற்க முடியாது என்பதை விரைவில் உணர்ந்தார். பறவை நூலறிஞர்கள் ஓர் ஓவியத்தைப் பார்ப்பது ரசிகர்கள் பார்ப்பதுபோல் அல்ல. இறக்கையின் நுனிப் பக்கத்து நீண்ட இறகுகளான முதன்மை இறகுகளை எண்ணுவார்கள். வாலுக்கு வெளியே இறக்கை நுனி எவ்வளவு நீட்டியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அளவுச் சித்திரங்கள் செய்யும் பழக்கம் இந்தக் கட்டத்தில்தான் அவரிடம் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டர் கிராமர் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். அப்போதும் இந்தப் பழக்கம் விடவில்லை. 1945-இல், பறவைகளை வரைவது எப்படி என்று மாணவர்களுக்கு விளக்கும் சிறிய கையேடு ஒன்றையும் எழுதினார். அவர் எழுத்தாளராகவும் தேர்ந்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1947-ஆம் ஆண்டின் தொடக்கம் பிரிட்டனில் மிகக் கடுமையான குளிர்காலம். அந்தக் குளிர் விலகிக்கொண்டிருந்த மார்ச் மாதத்தில் கணவனும் மனைவியும் மால்ட்ரெய்த்துக்கு வந்தார்கள். அவர்கள் வாங்கிய வீட்டின் பெயர் ஷோர்லாண்ட்ஸ். ஓவிய அறையின் சன்னலுக்கு வெளியே கெவ்னி ஆற்றின் முகத்துவாரம். கடல் ஓதம் வற்றும்போது சேற்றுவெளி மைல் கணக்கில் விரியும். ஏறும்போது பறவைகள் கரையை நோக்கி ஒதுங்கி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்நீரைத் தடுக்கக் கட்டிய நீண்ட அணை ஒன்று முகத்துவாரத்தின் குறுக்கே செல்கிறது. அதன் உட்புறத்தில் தேங்கிய குட்டை வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் பிடித்த இடம். தெளிவான நாளில் தொலைவில் ஸ்னோடோனியா மலைத்தொடர் தெரியும். தீவின் வடமேற்கு முனையில் இருக்கும் சவுத் ஸ்டாக் பாறைகளுக்குப் போனால் கடற்பறவைகள் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். ஓவியர் தேடிப்போக வேண்டியவையெல்லாம் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அங்கே வந்த முதற்காலத்தின் நாட்குறிப்பை அவர் 1952-இல் படங்களோடு நூலாக வெளியிட்டார். சன்னலுக்கு வெளியே என்ன வந்தது, எது போயிற்று, எது எதைத் துரத்தியது என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அவர் எழுதியவற்றில் அதுவே மிகச் சிறந்தது.

அந்த நாட்குறிப்பில் வரும் பறவைகளில் பல நமக்கும் தெரிந்தவை. வளைந்த நெடிய அலகுடைய கோட்டான் (ஆந்தை அல்ல, உள்ளான் குடும்பத்துக் கரைப்பறவை), பச்சைக்காலி, பவளக்காலி, ஊசிவால் வாத்து, கிளுவை ஆகியவை குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வருகின்றன. அங்கே வந்தவையேதான் இங்கே வருகின்றன என்று சொல்லவில்லை. இவை ஆசியாவின் வடபுலத்திலிருந்து வரும் வேறு கூட்டங்கள். ஆயினும் இனம் ஒன்றே. அதனால் டனிக்லிஃப்பின் பக்கங்களைப் புரட்டும்போது, பார்த்தறியாத நாட்டின் பறவை நூலைப் பார்க்கும் அயன்மை எனக்கு ஏற்படுவதில்லை.

பவளக்காலியையே எடுத்துக்கொள்வோம். சேற்றில் நின்றுகொண்டிருக்கும்போது அது பழுப்பு நிறத்தில் எவரும் பொருட்படுத்தாத பறவை. சிவந்த கால்கள் மட்டுமே அடையாளம். ஆனால் ஏதோ ஐயம் தட்டிக் குரல்கொடுத்து எழும்பும்போது, இறக்கைகளின் பின்விளிம்பு முழுவதும் வெண்மையாகப் பளிச்சிடும். அவ்வளவு வெள்ளை அதுவரை எங்கே ஒளிந்திருந்தது என்று கோடியக்கரையின் உப்பளக் கரையில் நின்று பலமுறை வியந்திருக்கிறேன். தொலைநோக்கியில் எத்தனை முறை பார்த்தாலும் விடை கிடைக்காது. அந்தக் காட்சி அரை நொடியில் முடிந்துவிடும். புகைப்படத்தில் பார்த்தாலும் வெள்ளைத் தீற்றல் தெரியுமே தவிர அதன் அமைப்பு தெரியாது. விரித்த இறக்கையை மேலிருந்து இறகு இறகாக வரைந்து பார்த்தால் விளங்கிவிடும். இறக்கையின் உட்பாதியில் உள்ள இரண்டாம் நிலை இறகுகள் பெரும்பாலும் வெள்ளை. முதன்மை இறகுகளில் உட்புறம் இருப்பவற்றின் நுனிகளும் வெள்ளை. இறக்கையை மடக்கும்போது உடலை ஒட்டி வளர்ந்த நீண்ட பழுப்பு இறகுகள் அத்தனை வெள்ளையையும் மேலிருந்து மூடிவிடுகின்றன.

இதை அறிந்தவர் பறவை எழும்பும் கணத்தை வரையும்போது வெள்ளையை எங்கே தொடங்க வேண்டும், எங்கே கரைய விட வேண்டும் என்று தடுமாற மாட்டார். அறியாதவர் தன் கண்ணில் பட்ட தீற்றலை அப்படியே தாளுக்கு மாற்றுவார். பார்ப்பவருக்கு அது இறக்கையாகத் தெரியாது, இறக்கைமேல் வைத்த வெள்ளைச் சாயமாகத் தெரியும். ஆள்காட்டி இனத்தில் வடபுலத்துக்கு உரிய கொண்டை ஆள்காட்டியின் முதுகைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் கறுப்பு என்பார். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் அது பச்சையும் ஊதாவும் ஓடும் பளபளப்பு. சாம்பல் நாரையின் நடுவிரல் நகத்தில் சீப்புப் பற்கள் இருக்கின்றன. கூகையின் முதன்மை இறகுகளில் முதலாவதன் முன்விளிம்பு மெல்லிய பற்களாகப் பிரிந்திருக்கிறது; அது ஓசையின்றிப் பறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இவற்றில் எதுவும் முப்பதடி தூரத்தில் பார்க்கும் ஓவியத்தில் தெரியப்போவதில்லை. ஆனாலும் அவற்றை அறிந்த கை கோடு போடும்போது அந்தக் கோட்டில் ஐயம் இருப்பதில்லை.

இது வேலையின் ஒரு பாதி. மற்றொரு பாதி உயிருள்ள பறவையின் முன்னால் நடந்தது. அணையின் மேலும் ஏரிக்கரைகளிலும் பாறை விளிம்புகளிலும் அமர்ந்து சிறு ஏடுகளில் பென்சிலால் வேகமாகக் கோடுகள் போட்டுக்கொள்வார். முழு உருவத்தை முடிக்கும் அவகாசம் பறவை ஒருபோதும் தராது. கழுத்து திரும்பும் கோணம், ஒற்றைக்காலில் நிற்கும்போது உடல் சாயும் சாய்வு, காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது மார்பிறகு புரளும் திசை, இவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டும் தாளில் விழும். பிறகு வீட்டில் உட்கார்ந்து, நினைவு மங்குவதற்குள், பெரிய வரைவேட்டில் அவற்றை வண்ணத்தில் விரித்து எழுதுவார். அந்த ஏட்டில் ஒரே பக்கத்தில் ஒரே பறவை ஐந்தாறு நிலைகளில் இருக்கும். ஓரத்தில் வெளிச்சம், ஓதம், நாள் ஆகியவை பற்றிய குறிப்புகள் இருக்கும்.

அளவுச் சித்திரத்தில் பறவை அசைவதில்லை. வரைவேட்டில் அது ஒருபோதும் நிற்பதில்லை. ஓவியம் எழுதும் வேளையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நிலையும் அசைவும் வரைவேட்டிலிருந்து வரும். அளவும் இறகின் ஒழுங்கும் அளவுச் சித்திரத்திலிருந்து வரும். ஒன்றை மற்றொன்று திருத்தும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வரைபவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அளவுச் சித்திரத்தை மட்டும் நம்பினால் பாடம் செய்த பறவையைக் கிளையில் கட்டிவைத்ததுபோல் ஓவியம் விறைத்துவிடும். வரைவேட்டை மட்டும் நம்பினால் அழகான பறவை கிடைக்கும், இன்ன பறவை என்று சொல்ல முடியாது.

பறவை ஓவியத்தின் வரலாற்றில் இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் இருந்தது. அமெரிக்காவின் ஜான் ஜேம்ஸ் ஆடுபான், 1827-லிருந்து 1838 வரை வெளியிட்ட தம்முடைய 435 பெரும் படங்களுக்காகப் பறவைகளைச் சுட்டு, உடல் விறைப்பதற்குள் கம்பிகளால் விரும்பிய நிலையில் நிறுத்தி வரைந்தார். உண்மை அளவு என்ற பிடிவாதம் அவருக்கும் இருந்தது. அதனால் நீண்ட கழுத்துடைய பறவைகள் தாளுக்குள் அடங்குவதற்காகக் கழுத்தை வளைத்துக் குனிய வேண்டியதாயிற்று. அந்தப் படங்களின் நாடகத்தன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆடுபான் செத்த பறவைக்கே உயிருள்ள நிலையைக் கொடுக்க முயன்றார். டனிக்லிஃப் செத்த பறவையைச் செத்ததாகவே வரைந்து வைத்துவிட்டு, உயிரைத் தேடி வெளியே போனார். இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவருடைய அளவுச் சித்திரங்களில் பறவையின் கண் பாதி மூடியிருக்கும், கால்கள் தளர்ந்து தொங்கும். அதை மறைக்க எந்த முயற்சியும் இல்லை.

இன்று பறவை ஓவியம் பயிலும் இளைஞர்கள் பலர் நேரடியாகப் புகைப்படத்திலிருந்து வரைகிறார்கள். கேமராவும் இணையமும் இவ்வளவு எளிதாகிவிட்ட காலத்தில் அதைக் குற்றம் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும் புகைப்படம் தருவது ஒரு கணத்தின், ஒரு கோணத்தின் வெளிச்சத்தை மட்டுமே. நிழலில் மறைந்த இறகு எங்கே போகிறது என்பது அதில் இருக்காது. அறியாத இடத்தை ஓவியர் ஊகத்தால் நிரப்ப வேண்டியிருக்கும், அல்லது அந்த மங்கலையும் சேர்த்துப் பிரதியெடுக்க வேண்டியிருக்கும். மீன்கொத்தி ஒன்றை ஒரே புகைப்படத்திலிருந்து வரைந்த மூன்று பேரின் ஓவியங்களை ஒருமுறை அருகருகே பார்க்க நேர்ந்தது. மூன்றிலும் இறக்கையின் ஒரே இடம் ஒரே விதமாகப் புரியாமல் இருந்தது.

டனிக்லிஃப்பின் எல்லா ஓவியங்களும் ஒரே தரத்தவை என்று சொல்ல மாட்டேன். 1944-இல் லண்டனின் கலைஞர் அமைப்பான ராயல் அகாடமியின் இணை உறுப்பினராகவும் 1954-இல் முழு உறுப்பினராகவும் ஆனவர் அவர். ஆண்டுதோறும் அதன் கோடைக்காலக் கண்காட்சிக்காகப் பெரிய நீர்வண்ண ஓவியங்களை எழுதினார். அவற்றில் பறவைகள் அலங்கார ஒழுங்கோடு அமைந்திருக்கும்; பின்னணியின் அலைகளும் பாறைகளும் கிளைகளும் ஒரு வடிவக் கோலமாக மாறியிருக்கும். அமைப்பில் குறை காண முடியாது. ஆனால் சுவரில் தொங்கும்போது அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஓவியத்துக்குள் புகுந்துவிட்டது தெரிகிறது. அதே பறவைகள் வரைவேட்டின் பக்கங்களில், எவருக்கும் காட்டும் நோக்கம் இல்லாதபோது, எவ்வளவு இயல்பாகத் திரும்புகின்றன என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெரிய ஓவியங்கள் சற்று அடங்கியே தோன்றும். இது என் ரசனை, மாறுபடுவோர் உண்டு.

பெரும்பாலான பிரிட்டன் மக்கள் அவரை அறிந்தது கண்காட்சிகளின் வழியாக அல்ல. 1959-க்கும் 1961-க்கும் இடையில் லேடிபேர்ட் நிறுவனம் சிறுவர்களுக்காக நான்கு பருவங்களைப் பற்றி நான்கு சிறு நூல்களை வெளியிட்டது. கிராண்ட் வாட்சன் எழுத, டனிக்லிஃப் படம் வரைந்தார். பக்கத்துக்கு ஒரு படம். அந்தப் பருவத்தில் ஒரே வயலில், ஒரே வேலியோரத்தில், ஒரே குளத்தில் சேர்ந்து காணக்கூடிய பறவை, செடி, பூச்சி, விலங்கு எல்லாம் அதில் இருக்கும். உழுத வயலும் அதன்மேல் இறங்கும் பறவைக் கூட்டமும் பின்னணியில் டிராக்டரும் சேர்ந்து வரும்போது, இயற்கை என்பது மனிதன் இல்லாத இடம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை என்பது புரிகிறது. சென்னையின் பழைய புத்தகக் கடை ஒன்றில், அட்டை கிழிந்த நிலையில், குளிர்காலத்தைப் பற்றிய நூல் எனக்குக் கிடைத்தது. பனியை ஒருமுறைகூட நேரில் கண்டிராத எனக்கு, பனி படர்ந்த வயலில் பறவை எதைத் தின்று பிழைக்கும் என்பதை முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலங்களுக்குள் வைத்த பட அட்டைகளையும் அவர் வரைந்தார். தமிழ்நாட்டு வீடுகளுக்கு நன்கு பழக்கமான பெயர் அது. ஆனால் நமக்குத் தேயிலை மட்டும் கிடைத்தது, அங்கே குழந்தைகளுக்குப் பறவைகளும் கிடைத்தன. 1957-இல் வந்த பறவைத் தொகுதியில் ஐம்பது அட்டைகள். அவற்றை ஒட்டிவைக்கத் தனி ஆல்பம் விற்றார்கள். இரண்டு விரலுக்குள் அடங்கும் அட்டையில் அச்சிடப்போகும் படத்தையும் அவர் அதே அறிவோடுதான் வரைந்தார். கூலிக்குச் செய்த வேலை, கலைக்காகச் செய்த வேலை என்று பிரித்து, முன்னதைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் விமர்சகர்களிடம் உண்டு. பண்ணையில் வளர்ந்தவருக்கு அந்தப் பிரிவினை விளங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அவருடைய வாழ்க்கையில் பெரிய பயணங்கள் இல்லை, பூசல்களின் கதைகளும் அதிகம் இல்லை. காலையில் சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்குவதும், ஓதமும் வெளிச்சமும் வாய்த்தால் வெளியே போவதும், திரும்பிவந்து வரைவேட்டை நிரப்புவதும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. வினிஃப்ரெட்டும் ஓவியர். கணவருக்கு முதல் பெரிய வாய்ப்பின் வழியைக் காட்டியவர். 1969-இல் அவர் இறந்தபின் டனிக்லிஃப் அதே வீட்டில் தனியாக வாழ்ந்து வரைந்துகொண்டிருந்தார். கடைசி ஆண்டுகளில் பார்வை குறையத் தொடங்கியது. பறவைகளைப் பாதுகாக்கும் பிரிட்டனின் அரச சங்கம் 1975-இல் தங்கப் பதக்கம் வழங்கியது. 1978-இல் அரசின் ஓ.பி.இ. விருது கிடைத்தது.

அவருடைய அளவுச் சித்திரங்களை வெளியுலகம் பார்த்தது 1974-இல்தான். லண்டனில் ராயல் அகாடமி அவற்றைக் கண்காட்சியாக வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அலமாரிகளுக்குள் இருந்த கருவிகள் சட்டமிடப்பட்டுச் சுவர் ஏறின. அதுவரை அவரைப் புத்தகப் படக்காரர் என்று ஒதுக்கியவர்களும் அந்தத் தாள்களின்முன் நின்றார்கள். வரைந்தவர் எதைக் கலை என்று எண்ணினாரோ அதைவிட, வேலைக்காகச் செய்துவைத்ததை அடுத்த தலைமுறை உயர்வாக மதிப்பது கலை வரலாற்றில் புதிதல்ல. ஆனால் இங்கே அது வெறும் ரசனை மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாள்களில் அவர் எதையும் அழகுபடுத்தவில்லை; இறகின் ஒழுங்கே போதுமான அழகாக இருந்தது.

1979 பிப்ரவரி 7 அன்று அவர் ஷோர்லாண்ட்ஸில் காலமானார். வரைவேடுகளும் அளவுச் சித்திரங்களும் அடங்கிய தொகுப்பு 1981-இல் லண்டனில் ஏலத்துக்கு வரவிருந்தது. தனித்தனியாக விற்றிருந்தால் கோட்டான் ஒரு வீட்டுக்கும் கூகை இன்னொரு கண்டத்துக்கும் போயிருக்கும். ஒரு பறவையின் தாளை அடுத்ததன் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் அதோடு போயிருக்கும். ஆங்கில்சி தீவின் உள்ளாட்சி மன்றம் தொகுப்பு முழுவதையும் வாங்கி அதைத் தடுத்தது. 1991-இல் தீவின் லாங்கெவ்னி நகரில் திறக்கப்பட்ட ஓரியல் இனிஸ் மோன் என்ற கலைக்கூடத்தில் அது இன்று இருக்கிறது. மக்கள்தொகை குறைந்த சிறு தீவின் மன்றம் ஓவியங்களுக்காகப் பெருந்தொகை செலவிடத் துணிந்ததை அப்போது எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்களோ. நம் ஊரில் என்றால் கட்டாயம் முணுமுணுத்திருப்போம்.

நேரில் போக வாய்ப்பில்லாதவர்களுக்கு நூல்கள் இருக்கின்றன. வரைவேட்டுப் பக்கங்கள் 1979-லும் 1981-லும் இரண்டு தொகுதிகளாக வந்தன. அளவுச் சித்திரங்கள் 1984-இல் பெரிய அளவு நூலாக வெளிவந்தன. இயன் நயல் எழுதிய வாழ்க்கை வரலாறு 1980-இல் வந்தது. பழைய பிரதிகள் இன்னும் கிடைக்கின்றன. புதிதாக வருபவர்கள் ராயல் அகாடமிக்காக எழுதிய பெரிய ஓவியங்களிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் வரைவேட்டைப் புரட்டுங்கள். அதில் பவளக்காலியோ ஊசிவால் வாத்தோ நீங்கள் இங்கே பார்த்திருக்கும் ஒரு பறவையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு அளவுச் சித்திர நூலில் அதன் விரித்த இறக்கையைத் தேடுங்கள். இரண்டையும் மேசைமேல் அருகருகே விரித்துவைத்துக்கொண்டு, அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பறவையைப் பார்க்கப் போகுமுன் ஒரு மாலை முழுவதும் அவற்றோடு உட்காரலாம்.